பிரசவ விடுதியில் தாய்க்கு மரியாதை: மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்று வந்த பெண்கள் கூடியிருந்து கதைக்கும்போது ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "நல்ல மிஸ்ஸி நிக்கக்குள்ள போனா தப்பிச்சம்." (மிஸ்ஸி என்றால் தாதி.) தனக்கு எப்படிப்பட்ட கவனிப்புக் கிடைக்கும் என்பது அன்றைக்கு யாருக்கு டியூட்டி என்பதில் இருக்கிறது என்று அவர்கள் பட்டறிந்து வைத்திருக்கிறார்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு நிலைமையை மாற்றுவதைப் பற்றியது. அன்பான ஊழியர்கள் எல்லா விடுதியிலும் இருக்கிறார்கள். அவர்கள் லீவில் போன இரவிலும் தாய்க்கு அதே மரியாதை கிடைக்க வேண்டுமென்றால், மரியாதை விடுதியின் அன்றாட வேலைமுறைக்குள் வந்தாக வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பதை யாருடைய மனநிலைக்கும் விட்டுவைப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

உயிர் காக்கும் விடயத்தில் எங்கள் நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையில்தான் பிறக்கின்றன. தாய் இறப்பு வீதம் 100,000 உயிர்ப் பிறப்புக்கு 30 அளவில் நிற்கிறது, தெற்காசியாவில் இது மிகக் குறைந்த வீதங்களில் ஒன்று. கிராமம் கிராமமாகப் போகும் குடும்பநல மருத்துவமாதுகளும், ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரித்துப் பார்க்கும் முறையும் இதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் எல்லாரும் வைத்தியசாலைக்கே வருகிறார்கள் என்பதால் ஒரு பொறுப்பும் கூடுகிறது. பெண்ணுக்கு வேறு இடமில்லை. திட்டு வாங்கினாலும் அடுத்த பிள்ளைக்கும் இங்கேதான் வரவேண்டும். அதனால் வருகை எண்ணிக்கையை வைத்து "எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது" என்று முடிவு கட்ட முடியாது.

இது விடுதிப் பொறுப்புத் தாதியருக்கும், மருத்துவமாதுகளுக்கும், மகப்பேற்று நிபுணர்களுக்கும், வைத்திய அத்தியட்சகர்களுக்கும் எழுதியது. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்களும் மாதர் சங்கங்களும் பாவிக்கலாம். பெரும்பாலான படிகளுக்குப் பணம் தேவையில்லை. தேவைப்படும் இடத்தில் திரைச்சீலைத் துணி, கதிரை, கதவுக் கொழுக்கி அளவுதான்.

தொடங்குமுன்: எதை மரியாதைக் குறைவு என்கிறோம்?

2010இல் வெளியான ஒரு முக்கியமான மீளாய்வு, பிரசவ நேரத்தில் பெண்களுக்கு நடக்கும் அவமதிப்பை ஏழு வகையாகப் பிரித்தது: உடலளவில் துன்புறுத்தல், சம்மதமில்லாத சிகிச்சை, அந்தரங்கம் காக்காமை, கண்ணியமற்ற பேச்சு, பாகுபாடு, கவனிக்காமல் தனியே விடுதல், காசு கட்டாததற்காகத் தடுத்துவைத்தல். 2014இல் உலக சுகாதார நிறுவனம் இதை வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. எங்கள் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதால் ஏழாவது இங்கே எழாது. மற்ற ஆறும் எங்களுக்கும் உரியவை. கொழும்பு மாவட்டத்து அரச நிலையங்களில் பெண்களிடமும் மருத்துவமாதுகளிடமும் பேசி 2018இல் வெளிவந்த ஆய்வு, ஏச்சும் அடியும் வர்க்கப் பாகுபாடும் இந்த நாட்டிலும் நடக்கின்றன என்பதைப் பதிவு செய்தது. "அது ஆபிரிக்காவில்" என்று தள்ளிவிட வழியில்லை.

முதல் படி: தாய்மாரிடம் கேளுங்கள், ஆனால் விடுதிக்குள் வைத்துக் கேட்காதீர்கள்

கட்டிலில் கிடக்கும் தாயிடம், அவரைக் கவனிக்கும் மிஸ்ஸியே படிவத்தை நீட்டி "திருப்தியா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். பிள்ளை சுகமாகக் கிடைத்துவிட்டது, அதுவே போதும் என்ற நிம்மதியில் எல்லாப் பெட்டியிலும் சரி போட்டுவிடுவார். அந்தத் தாள்களை அடுக்கிவைத்துப் பயனில்லை.

பிரசவம் முடிந்து சில கிழமை கழித்து, வீட்டிலோ பிள்ளைக்கு ஊசி போடவரும் கிளினிக்கிலோ, விடுதியில் வேலை செய்யாத ஒருவர் கேட்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் பேசி, வீட்டுக்குப் போகும் மருத்துவமாதுகள் மூலமே இதைச் செய்யலாம். அவருடன் தாய்மாருக்கு நெருக்கம் உண்டு. ஆனால் பெயர் எழுதமாட்டோம் என்று முதலிலேயே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

கேள்விகள் நடந்ததைப் பற்றி இருக்கட்டும். "உள்ளுக்குச் சோதிக்க முதல் உங்களிட்டக் கேட்டவங்களா?" "யாராவது சத்தம் போட்டவங்களா? என்ன சொன்னவங்க?" "தையல் போடக்குள்ள நோவு இருந்ததா? சொன்னீங்களா? சொன்ன பிறகு என்ன நடந்தது?" "தனியாக் கிடந்த நேரம் உண்டா?" "உங்களை மூடியிருந்ததா, யாராவது வந்து போனாங்களா?" கடைசியில், "அடுத்த முறை என்ன மாற வேணும்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விடயங்களாக இருக்கும். அவற்றை அப்படியே எழுதிவையுங்கள். செய்து முடிக்கக்கூடியவை அவைதான்.

யாரைக் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நகரத்துத் தாய்மார் மட்டும் போதாது. படுவான்கரையிலிருந்து வாவி தாண்டி வருபவர், மாரி வெள்ளத்தில் பாதை மூடப்பட்டு இரண்டு நாள் முந்தியே வந்து காத்துக் கிடந்தவர், காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பெண்கள், அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பெண்கள், பதினெட்டு வயது நிரம்பாத தாய்மார், கணவன் இல்லாமல் வந்தவர்கள், ஐந்தாவது ஆறாவது பிள்ளைக்கு வந்தவர்கள். ஏச்சு அதிகம் விழுவது இந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பவர்கள் மேல்தான்.

இரண்டாம் படி: படலையிலிருந்து கட்டில் வரை நடந்து பாருங்கள்

விடுதிப் பொறுப்புத் தாதி, ஒரு டொக்டர், ஒரு கனிஷ்ட ஊழியர், அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு தாய். நால்வரும் சேர்ந்து வைத்தியசாலைப் படலையிலிருந்து லேபர் ரூம் வரை, அங்கிருந்து பிரசவத்துக்குப் பிந்திய விடுதி வரை மெதுவாக நடக்க வேண்டும். படலைக் காவலாளி என்ன கேட்கிறார், எந்தத் தொனியில் கேட்கிறார்? குத்தோடு நிற்கும் பெண் எத்தனை பேருக்கு முன்னால் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது? உடுப்பு மாற்றும் இடத்துக்குக் கதவு உண்டா?

அப்புறம் ஒருவர் சோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். படுத்துப் பார்த்தால்தான் கால் பக்கம் கதவை நோக்கி இருக்கிறது என்பது விளங்கும். கட்டிலைத் திருப்பிப் போட ஒரு நிமிடமும் ஒரு சதமும் செலவில்லை. திரைச்சீலை முழு நீளத்துக்கும் வருகிறதா, வளையங்கள் ஓடுகின்றனவா, மலசலகூடக் கதவுக்கு உள்கொழுக்கி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போதனா வைத்தியசாலையில் இன்னொன்று உண்டு. மருத்துவ மாணவர்களும் தாதிய மாணவர்களும் படிக்க வேண்டும், அதில் கேள்வியில்லை. ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நிற்க, அந்தப் பெண்ணிடம் யாருமே அனுமதி கேட்காமல் சோதனை நடப்பது படிப்பாகாது. "இவங்க படிக்கிற பிள்ளைகள். ஒருவர் உங்களைச் சோதிக்கலாமா? வேணாமெண்டாச் சொல்லுங்க, உங்கட கவனிப்பில ஒரு குறையும் வராது" என்று பொறுப்பான டொக்டர் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கப்படுவதை மாணவப் பருவத்திலேயே பார்ப்பவர்கள், நாளைக்கு டொக்டராக வந்தும் கேட்பார்கள்.

மூன்றாம் படி: சொல்லும் கையும்

ஒரு பெண்ணுக்குத் தன் பிரசவத்தில் கடைசிவரை நினைவில் நிற்பது பேச்சு. "பிள்ளை வேணுமெண்டு ஆசைப்படக்குள்ள தெரியல்லையா?" என்று கேட்கப்பட்டவர் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அதை மறப்பதில்லை. இந்த ஒரு வசனத்தையும் இதன் வகையறாவையும் எந்த விடுதியிலும் யாரும் இனிமேல் சொல்லக் கூடாது என்பதைப் பொறுப்பில் இருப்பவர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். மறைமுகமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது.

நல்ல பேச்சுக்கு ஒரு ஒழுங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருபவர் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்த் தன் பெயரைச் சொல்ல வேண்டும்: "நான் இண்டைக்கு இரவு உங்களோட நிக்கிற மிட்வைஃப்." தாயைப் பெயர் சொல்லியோ தங்கச்சி, அக்கா, மகள் என்றோ கூப்பிடுங்கள். கட்டில் இலக்கத்தால் கூப்பிட வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் "நீங்க" தான்.

உள்ளே கைவைத்துச் சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஐந்து விடயம் நடக்க வேண்டும். திரையை மூடுதல். ஏன் சோதிக்கிறோம் என்று சொல்லுதல். "இப்ப பார்க்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருத்தல். நோவு வந்தால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்று சொல்லி, சொன்னால் உண்மையிலேயே நிறுத்துதல். முடிந்ததும் என்ன தெரிந்தது என்பதைச் சொல்லுதல்: "அஞ்சு சென்ரிமீற்றர் திறந்திருக்கு, பிள்ளையின்ர துடிப்பு நல்லாயிருக்கு." ஐந்தாவதைத்தான் நாங்கள் அதிகம் மறக்கிறோம். டிக்கெட்டில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளியின் பதிவுத்தாளில், எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம், அந்தப் பெண்ணோ தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பார்.

"அவசரத்தில் இதெல்லாம் சரிவருமா?" என்று கேட்பார்கள். இரத்தப்போக்கு, பிள்ளையின் துடிப்பு இறங்குதல் போன்ற நேரத்தில் விளக்கம் சுருங்கும், நின்றுவிடாது. எல்லாரும் ஓடித்திரியும்போது ஒருவர் தாயின் தலைமாட்டில் நின்று, "இரத்தம் கூடப் போகுது, நிப்பாட்ட மருந்து குடுக்கிறம், நான் உங்களோடதான் நிக்கிறன்" என்று சொல்ல எத்தனை செக்கன் போகும்? அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்தால் போதும்.

தையல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விறைப்பதற்கான ஊசி போட்டு அது வேலை செய்ய நேரம் விடாமல் தைப்பது சிகிச்சைக் குறைபாடு. பெண் நோகிறது என்றால் நோகிறது. "பிள்ளையே பெத்திட்டீங்க, இது என்ன" என்று சொல்லித் தொடர யாருக்கும் உரிமையில்லை. ஊசி ஏற்றி, சில நிமிடம் காத்திருந்து, தொட்டுப்பார்த்து, அப்புறம் தையுங்கள். போதாவிட்டால் இன்னும் மருந்து கொடுங்கள்.

நான்காம் படி: பக்கத்தில் ஒரு ஆள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிரசவ நேரம் முழுவதும் ஒரு ஆள் தொடர்ந்து கூட நின்றால் என்ன நடக்கும் என்பதை 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் பார்த்தார்கள். துணையுடன் இருந்தவர்களுக்குச் சாதாரணப் பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, பிரசவ நேரம் சற்றுக் குறைந்தது, தங்கள் பிரசவத்தைப் பற்றிக் கசப்போடு பேசியவர்களும் குறைந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் பெண் விரும்பும் துணை இடம்பிடித்திருப்பது இதனால்தான். அதோடு, துணை ஆள் நிற்கும் இடத்தில் யாரும் சத்தம் போடத் தயங்குவார்கள்.

கிழக்கு மாகாணத்தில் இதற்கு இயல்பான வசதி ஒன்று உண்டு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதே வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். அதனால் பிள்ளைப்பேற்று நேரத்தில் பெற்ற தாயும் அக்கா தங்கச்சியும் பெரியம்மாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேறு இடங்களில் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். இங்கே ஆள் ஏற்கனவே வைத்தியசாலை மரத்தடியில் நித்திரை முழித்துக் காத்திருக்கிறது. அந்த அம்மாவை, அந்த உம்மாவை உள்ளே விட வேண்டியதுதான் மிச்சம்.

ஊழியர்களுக்கு இதில் பயங்கள் உண்டு, அவற்றை மதித்துப் பேச வேண்டும். இடம் போதாது என்பார்கள். ஒரு தாய்க்கு ஒரே ஆள், ஒரு கதிரை, கட்டிலுக்குக் கட்டில் திரை. இவ்வளவு போதும். தொற்று வரும் என்பார்கள். கை கழுவி, சுத்தமான மேலாடை போட்டு வரட்டும். மற்றப் பெண்களின் அந்தரங்கம் என்பது நியாயமான கவலை. தனித்தனி அறை இல்லாத லேபர் ரூமில் பெண் துணையுடன் தொடங்குங்கள், கணவன்மாரைப் பிறகு இடம் ஒழுங்கான பின் யோசிக்கலாம். முறைப்பாடு வரும், வீடியோ எடுப்பார்கள் என்ற பயம்தான் உள்ளுக்குள் பெரியது. கைத்தொலைபேசி வெளியில் இருக்கட்டும் என்று விதி போடலாம். ஆனால் நடந்ததைக் கூட இருந்து பார்த்த உறவினர், கதவுக்கு வெளியே நின்று அழுகுரல் மட்டும் கேட்டவரைவிடக் குறைவாகவே சந்தேகப்படுவார்.

நடைமுறைக்கு இப்படிப் போகலாம். ஏழாம் மாதக் கிளினிக்கிலேயே "உங்களோட யார் நிற்க வேணும்?" என்று பெண்ணைத் தனியாகக் கேட்டு, அவருடைய கர்ப்ப காலப் பதிவேட்டில் எழுதுங்கள். தனியாக என்பது முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்க, மாமி வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டாம், தனியே இருக்கிறேன் என்று சொல்லும் பெண்ணின் சொல்லும் எடுபட வேண்டும். துணைக்கு வருபவருக்கு முதுகு தடவுதல், தண்ணி பருக்குதல், எழுந்து நடக்கக் கைகொடுத்தல், எப்போது மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும் என்பது ஆகியவற்றைக் கிளினிக்கில் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாளாகவும் கொடுங்கள். யாருமே இல்லாமல் வரும் பெண்ணுக்கு, அந்த ஷிஃப்டில் ஒரு கனிஷ்ட ஊழியரை அந்த வேலைக்கென்றே விடுங்கள்.

முதல் மாதத்தில் பகல் நேரத்தில் மட்டும் தொடங்கினாலும் பரவாயில்லை. ஆனால் இரவுக்கு எப்போது விரிக்கப்போகிறோம் என்று திகதி குறியுங்கள். பயமும் தனிமையும் கூடுவது இரவில்தான்.

ஐந்தாம் படி: செய்யத் தேவையில்லாததை நிறுத்துங்கள்

பழக்கத்தால் மட்டும் நடக்கும் சில காரியங்கள் பெண்ணுக்கு அவமானமும் நோவும் தருகின்றன, மருத்துவ நன்மையோ இல்லை. மயிர் வழித்தல், வயிறு கழுவ எனிமா கொடுத்தல், பிறப்புவாயை அகலமாக்க எல்லாருக்கும் கீழ்ப்பக்கம் வெட்டுதல், வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுதல் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சிக்கல் குறைந்த பெண் பிரசவ நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம், எழுந்து நடக்கலாம். விரும்பிய நிலையில் இருந்தோ சரிந்தோ பிள்ளை பெறலாம். உள்சோதனை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கத் தேவையில்லை. உண்மையான பிரசவக் கட்டம் கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறக்கும்போதுதான் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், 3 சென்ரிமீற்றரில் வந்த பெண்ணை "ஏன் மெதுவாப் போகுது" என்று நெருக்கும் தேவையும் குறையும்.

இந்த மாற்றத்தை மருத்துவமாதுகளால் தனியே செய்ய முடியாது. மகப்பேற்று நிபுணர் எழுத்தில் ஒப்புதல் தந்து சுவரில் ஒட்ட வேண்டும். 2020இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பிரசவப் பராமரிப்புப் பதிவுத்தாளில் துணை ஆள், நோவுக்கு நிவாரணம், குடிப்பதற்கு ஏதும், உடல் நிலை ஆகிய நான்கையும் துடிப்பு, அழுத்தத்தோடு சேர்த்தே குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் விடுதியில் அந்தத் தாள் இல்லையென்றால், இருக்கும் தாளின் ஓரத்தில் இந்த நான்கையும் எழுதத் தொடங்குங்கள். தாளில் இடமிருந்தால் வேலை நடக்கும்.

ஆறாம் படி: மொழியும் மதமும் ஊர் வழக்கமும்

அம்பாறை மாவட்டத்தில் தமிழ் பேசும் பெண் சிங்களம் மட்டும் தெரிந்த ஊழியரிடம் பிள்ளை பெறுவதும், சிங்களப் பெண் தமிழ் மட்டும் தெரிந்த ஊழியரிடம் பெறுவதும் நடக்கிற காரியம். இரண்டும் அரச கரும மொழிகள், தன் மொழியில் சேவை பெறுவது பெண்ணின் உரிமை. ஆனால் நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடி எங்கே போவது? அதனால் லேபர் ரூமில் ஒரு வசன அட்டை வையுங்கள். அவசியமான இருபது முப்பது வசனங்கள், இரு மொழியிலும், ஒன்றின் உச்சரிப்பு மற்றதன் எழுத்தில். தமிழ் ஊழியருக்கு "ரிதெனவாத?" என்றால் நோகுதா என்று அர்த்தம், "பய வென்ன எபா" என்றால் பயப்பட வேண்டாம். இந்த அளவு தெரிந்தாலே பெண்ணின் முகம் மாறும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது அட்டையால் ஆகாது, அதற்கு மொழி தெரிந்த ஊழியர் வேண்டும். அந்தரங்க விடயங்களைப் பக்கத்துக் கட்டில் நோயாளியைக் கொண்டு மொழிபெயர்க்கவே கூடாது.

முஸ்லிம் பெண்கள் தலை மூடியிருக்க விரும்பினால், சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் சுத்தமான துணித் தொப்பியோடு அதற்கு வழி செய்யலாம். ஆண் டொக்டர்தான் இருக்கிறார் என்றால் அதை முன்கூட்டிச் சொல்லி, ஒரு பெண் ஊழியர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வாப்பா வெளியில் காத்திருப்பார். பிறந்ததும் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் பிள்ளையை வைத்து, முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கச் செய்வது எல்லாருக்கும் பொதுவான விதி. அதைக் குலைக்காமல் பாங்குக்கு எப்போது, எங்கே என்று குடும்பத்துடன் முந்தியே பேசிவையுங்கள். இந்துக் குடும்பங்களுக்குப் பிறந்த நேரம் சரியாக வேண்டும், சாதகம் எழுத. கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சரியாகச் சொல்லுங்கள், கேட்டதற்காகச் சினக்காதீர்கள். பத்தியக் கறியோடு வரும் சோற்றுப் பாத்திரத்தையும் இழிவாகப் பேச வேண்டாம். தாய்க்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று அதில் இருந்தால் காரணம் சொல்லி விளக்கலாம்.

ஆனால் பெயரையும் உடையையும் பார்த்து நாங்களே முடிவு கட்டக் கூடாது. ஒவ்வொரு பெண்ணையும் கேட்க வேண்டும். "நீங்கதானே ஆறாவது பெறுற ஆள்", "உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்ற பேச்சுகள் மூன்று சமூகத்து ஊழியர்களிடமிருந்தும் மற்றச் சமூகத்துப் பெண்களை நோக்கி வருகின்றன. யுத்தம் பட்ட எங்கள் மண்ணில் அந்தப் பேச்சு ஆழமாகக் குத்தும்.

ஏழாம் படி: பிள்ளை தப்பாதபோது

இறந்து பிறந்த பிள்ளையின் தாயைப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு நடுவில் படுக்கவைக்காதீர்கள். விடுதி நிரம்பியிருந்தாலும் ஒரு மூலைக் கட்டிலும் ஒரு திரையும் கிடைக்கும். செய்தியைப் பொறுப்பான டொக்டர் பக்கத்தில் இருந்து, குடும்பத்தவர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, நேரான சொல்லில் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். உடனே வேண்டாம் என்றால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் கேட்கலாம். "இன்னொண்டு பெறலாம்தானே" என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். பால் கட்டும் என்பதையும் அதற்கு என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஊர் மருத்துவமாதுக்குத் தாய் வீடு போகுமுன்பே தகவல் போக வேண்டும். இல்லையென்றால் அவர் வாசலுக்கு வந்து "பிள்ளை எங்க?" என்று கேட்டுவிடுவார்.

எட்டாம் படி: ஊழியரையும் பாருங்கள்

தாயை ஏசுபவர் பெரும்பாலும் அன்றைக்குத் தானும் யாரிடமோ ஏச்சு வாங்கியவர். நிபுணர் வார்ட் ரவுண்டில் இளம் டொக்டரை எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கடிவார், டொக்டர் மிஸ்ஸியிடம் காட்டுவார், மிஸ்ஸி அற்றெண்டனிடம், அவர் கட்டிலில் கிடப்பவரிடம். மேலே நிற்பவர்கள் பேச்சை மாற்றாமல் கீழே மாற்றம் வராது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அதேபோல, ஒரே மருத்துவமாது இரவு முழுக்கப் பல தாய்மாரை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய நிலையை மரியாதை வகுப்பு வைத்துத் தீர்க்க முடியாது. ஆள் பற்றாக்குறையை எண்களோடு எழுதி மாகாணத்துக்கும் அமைச்சுக்கும் அனுப்புவதும் இந்தப் படியில் சேரும்.

கானா, கினி, மியன்மார், நைஜீரியா நாடுகளில் பிரசவங்களை நேரில் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒரு பயனுள்ள விடயத்தைக் காட்டியது. அடியும் ஏச்சும் உச்சத்துக்குப் போனது பிள்ளை பிறப்பதற்கு 30 நிமிடம் முன்பிலிருந்து 15 நிமிடம் பின்பு வரை. முக்கும் நேரத்தில் எல்லாருக்கும் பதற்றம், ஆளுக்கொரு பக்கம் "முக்கு, முக்கு" என்று கத்துவார்கள். ஆகவே இந்த நேரத்துக்கென்று ஒரு விதி வையுங்கள்: ஒரு குரல் மட்டும். பிரசவம் பார்ப்பவர் பேசுவார், மற்றவர்கள் கையால் வேலை செய்வார்கள். தாய்க்கும் யாருடைய சொல்லைக் கேட்பது என்று விளங்கும்.

பயிற்சிக்கு விரிவுரை வைக்காதீர்கள். படம் போட்டு வாசிப்பதை எல்லாரும் ஏற்கனவே நிறையக் கேட்டுவிட்டார்கள். விவாத அரங்கு முறையைப் பாவியுங்கள். ஒரு பெண் அவமதிக்கப்படும் காட்சியை ஊழியர்களே நடிப்பார்கள், பார்த்துக்கொண்டிருப்பவர் "நிறுத்துங்க" என்று எழும்பி, ஒருவருடைய இடத்தை எடுத்து வேறு மாதிரிச் செய்து பார்ப்பார். சுகாதார ஊழியர்களுடன் இலங்கையிலேயே இதைச் சோதித்துப் பார்த்த முன்னோட்ட ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. கூத்தும் அரங்கும் செழித்த மட்டக்களப்பில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை, பல்கலைக்கழக அரங்கத் துறையினரைக் கூப்பிட்டாலே வருவார்கள். கற்கவேண்டிய கடினமான காரியம், சக ஊழியர் பிழையாக நடக்கும்போது அங்கேயே எப்படிக் குறுக்கிடுவது என்பது. "அக்கா, நீங்க கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் பார்க்கிறன்" என்று ஒரு வசனத்தை நடித்துப் பழகியவருக்கு உண்மை நேரத்தில் அது வாயில் வரும்.

ஒன்பதாம் படி: எண்ணிப் பாருங்கள், முறைப்பாட்டுக்கு வழி விடுங்கள்

நிறையக் குறிகாட்டிகள் வேண்டாம். துணை ஆள் நின்றாரா, சோதிக்க முதல் கேட்டார்களா, வெட்டுக்கும் தையலுக்கும் விறைப்பூசி வேலை செய்ததா, யாராவது ஏசினார்களா, விளங்கும் மொழியில் பேசினார்களா. முதல் படியில் சொன்ன முறையில் மாதம் ஒரு இருபது தாய்மாரிடம் இந்த ஐந்தையும் கேட்டு, பதிலைத் தாதியர் அறைச் சுவரில் கையால் எழுதி ஒட்டுங்கள். மாதாந்தக் கூட்டத்தில் தாய் இறப்பு, சிசு இறப்பு பேசும் அதே மேசையில் இதையும் பேசுங்கள்.

முறைப்பாட்டுப் பெட்டியின் திறப்பு விடுதியில் இருக்கக் கூடாது. அத்தியட்சகர் அலுவலகத்தில் ஒருவரும், அபிவிருத்திக் குழுவில் ஒரு பெண்ணும் சேர்ந்து திறக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்ல ஒரு ஆளையும் குறிப்பிடுங்கள். வந்த முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஒழுங்கைத் திருத்தித் தீர்க்கக்கூடியவை, அவற்றில் ஆளைத் தேடிப் பழி போட வேண்டாம். அடித்தது, கிள்ளியது, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தியது வேறு. அது ஒழுக்காற்று விசாரணைக்குப் போக வேண்டும். வைத்தியசாலைக்குள் தீர்வு கிடைக்காத பெண், மாகாண சுகாதார அதிகாரிகளிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் போகலாம் என்பதைச் சுவரில் எழுதிவைக்கத் தயங்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது, எப்படி நிலைக்கவைப்பது?

ஒன்பது படியையும் ஒரேயடியாகத் தொடங்கினால் இரண்டு மாதத்தில் களைத்துவிடும். முதல் மாதம் கேட்பதும் நடந்து பார்ப்பதும், கூடவே கட்டில் திருப்புதல், திரை, கொழுக்கி. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்தால் ஊழியர்களும் நம்புவார்கள். இரண்டாம் மாதம் சோதனைக்கு முன் கேட்கும் ஒழுங்கு. மூன்றாம் மாதம் துணை ஆள். மற்றவை பின்னால் வரட்டும்.

பெரிய ஆபத்து வருடாந்த இடமாற்றம். ஆர்வமான ஒரு சிஸ்டர் ஒரு விடுதியையே மாற்றுவார், அடுத்த சனவரியில் வேறு மாவட்டத்துக்குப் போவார், ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி. ஆகவே பொறுப்பை ஒருவரிடம் விடாமல், வெவ்வேறு தரத்து ஊழியர் மூவரிடம் கொடுங்கள். ஒரு டொக்டர், ஒரு மருத்துவமாது, ஒரு கனிஷ்ட ஊழியர் என்று இருக்கட்டும். ஒப்படைப்புப் புத்தகத்தில் மருந்து, கருவிகளின் கணக்கோடு இந்த ஒழுங்குகளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும், நிபுணரே என்றாலும், முதல் கிழமையில் அதை வாசித்துக் கையெழுத்து வைக்கட்டும்.